மட்டக்களப்பில் நத்தார் சந்தை: காந்திப் பூங்காவா, கடைத்தெருவா?

கார்த்திகை பிறந்ததுமே இந்தப் பேச்சு எங்கள் ஊரில் தலைதூக்கும். விடுமுறைக்கு வந்திருக்கும் வெளிநாட்டு உறவுகள் ஜெர்மனி, சுவிஸ் நகரங்களின் நத்தார் சந்தைப் படங்களைக் கைபேசியில் காட்டி, "எங்கட வாவிக்கரையிலயும் இப்பிடி ஒண்டு வைச்சா எவ்வளவு வடிவா இருக்கும்" என்பார்கள். ஆசை நியாயமானது. இரவு எட்டு மணிக்கெல்லாம் ஆளடங்கிப் போகும் நகரம் இது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு மாலைப்பொழுது நடந்து திரிய இடம் தேடும் குடும்பங்கள், வீட்டில் கேக் அடித்து விற்கும் பெண்கள், டிசம்பர் வியாபாரத்தை நம்பி ஆண்டு முழுக்கக் கடனில் ஓடும் சிறு கடைக்காரர்கள் என்று எல்லோருக்கும் அது உதவும். சந்தை வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். எந்த இடத்தில், எத்தனை நாளைக்கு, யாருடைய கடைகளோடு என்பதில்தான் நாங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பேச்சில் அடிபடும் இடங்கள் ஐந்து: காந்திப் பூங்கா, கல்லடிக் கடற்கரை, வெபர் மைதானம், தேவாலய வளவுகள், புளியந்தீவுக் கடைத்தெரு. பெரும்பாலானோர் கைகாட்டுவது காந்திப் பூங்காவை. என் முடிவு வேறு. கடைகள் கடைத்தெருவிலேயே இருக்கட்டும். பூங்காவுக்குப் பாட்டு மட்டும் வரட்டும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

இப்போதும் டிசம்பரில் நகரத்தில் சந்தை இல்லாமலில்லை. நடைபாதை ஓரங்களில் தறப்பாள் கட்டி, சட்டை, செருப்பு, பிளாஸ்டிக் மரம், ரெஜிபோம் நட்சத்திரம் என்று வெளியூர் வியாபாரிகள் வந்து இறங்குகிறார்கள். மழை பெய்தால் தறப்பாளின் நடுவில் நீர் குடம்போல் தொங்கும். கடைக்காரப் பையன் விளக்குமாற்றுத் தடியால் கீழிருந்து அதைத் தள்ளுவான். ஒரு பாட்டம் தண்ணீர் அப்படியே சரிந்து பக்கத்துக் கடையில் தொங்கும் சின்னப்பிள்ளைச் சட்டைகளில் விழும். பிறகு இரண்டு கடைக்கும் சண்டை. நடந்து போகிறவர்கள் நடைபாதையை விட்டுத் தெருவில் இறங்கி, ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் நடுவில் வழி தேடுவார்கள். ஒழுங்கான சந்தை ஒன்று வேண்டும் என்பதற்கு இந்தக் காட்சியே போதிய காரணம்.

படங்களில் வரும் அந்த இடங்கள் எப்படிப்பட்டவை என்று பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. நியூரம்பர்க் நகரின் புகழ்பெற்ற நத்தார் சந்தை கூடும் சதுக்கத்தின் பெயர் ஹவுப்ட்மார்க்ட். ஆண்டு முழுவதும் அங்கே மரக்கறியும் பழமும் விற்கிறார்கள். டிரெஸ்டன் நகரின் ஸ்ட்ரீட்சல்மார்க்ட் 1434இல் தொடங்கியது. நத்தாருக்கு முன்னர் ஒரே ஒரு நாள் கூடிய சந்தையாகத்தான் அது ஆரம்பித்தது. கற்பாவிய தரை, சுற்றிவரக் கடைகள், நூற்றாண்டுகளாக வண்டிகள் வந்துபோகும் பாதை. சந்தைக்காகவே உருவான இடத்தில், சந்தைக்குப் பழகிய தரையில், ஒரு பண்டிகைச் சந்தை நடக்கிறது. அதற்கு நிகரான இடம் மட்டக்களப்பில் எது என்று கேட்டால் பஸார் வீதிப் பக்கத்தைத்தான் நான் காட்டுவேன்.

பூங்காவில் நத்தார் சந்தை வைத்த நகரமும் உண்டு. எடின்பரோவில் 2019 நத்தார் காலத்தில் கிழக்கு பிரின்சஸ் வீதித் தோட்டத்தில் பெரிய தட்டி மேடை அடித்து, அதன்மேல் கடைகளை ஏற்றினார்கள். 2020 தொடக்கத்தில் மேடையைக் கழற்றியபோது புல் இருந்த இடம் சேறாகக் கிடந்தது. திருத்த வேலைக்காக அந்தப் பகுதியைப் பொதுமக்களுக்கு மூடிவைக்க நேர்ந்தது. நகரத்தவர்களின் கோபம் மாதக்கணக்கில் ஓயவில்லை. தரையைச் சந்தைக்கென்று அமைத்த ஊருக்கும், பூங்காவைச் சந்தையாக மாற்றிய ஊருக்கும் உள்ள வேறுபாடு இது.

காந்திப் பூங்காவின் சிறப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாவிக் காற்று வீசும். பக்கத்திலேயே பழைய வாயில். 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய கரை அது. இந்த ஊரின் கிறிஸ்தவ வரலாற்றில் நத்தாரை நினைவுகூர அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். இரவில் விளக்குகள் தண்ணீரில் விழுந்து அசையும். படம் எடுப்பவர்களுக்கு வேறென்ன வேண்டும்!

ஆனால் அந்தப் பூங்காவைப் பண்டிகை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் பார்க்க வேண்டும். வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலம் கடந்தும், கொக்கட்டிச்சோலையிலிருந்து மண்முனைப் பாலம் கடந்தும் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை மக்கள் ஆஸ்பத்திரிக்கும் அலுவலகங்களுக்கும் காலையிலேயே வந்துவிடுவார்கள். கிளினிக் முடிந்து மருந்து எடுக்கும்வரை, கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி சாப்பாடு முடித்து வரும்வரை, அவர்கள் இருக்க ஓர் இடம் வேண்டும். மரநிழலில் சீமெந்து இருக்கையில் சோத்துப் பார்சலைப் பிரிக்கும் அந்த அம்மாவிடம் யாரும் வந்து "என்ன வேணும்?" என்று கேட்பதில்லை. எதையும் வாங்காமல், யாருக்கும் காசு கொடுக்காமல், எவ்வளவு நேரமும் இருக்கக்கூடிய இடம் நகரத்துக்குள் வேறு எத்தனை இருக்கிறது? கடைகள் வந்த அன்றே அந்த இருக்கைகள் வாடிக்கையாளருக்கு உரியவையாகிவிடும். சட்டப்படி யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் கொத்துரொட்டிக் கடைக்கு முன்னால் உள்ள இருக்கையில் வீட்டுச் சோற்றை வைத்துச் சாப்பிட அந்த அம்மாவுக்கு மனம் வராது.

இரண்டாவது காரணம் இன்னும் பாரமானது. காந்திப் பூங்கா இந்த மாவட்டத்தின் முறையிடும் இடம். வேலையற்ற பட்டதாரிகள் அங்கே இருந்திருக்கிறார்கள். காணிக்காகப் போராடியவர்கள் வந்து நின்றிருக்கிறார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் அணைத்தபடி வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கிறார்கள். டிசம்பர் 10 மனித உரிமைகள் தினம். மூன்று வாரச் சந்தை என்று திட்டம் போட்டால் அந்தத் தேதி நேராக அதற்குள் விழுகிறது. பூங்காவைக் குத்தகைக்கு எடுத்தவர் அன்றைக்கு என்ன செய்வார்? "இன்றைக்கு வியாபாரம் கெடும், வேறு எங்காவது நில்லுங்கோ" என்பார். பொலிசாரும் அதற்குத் தலையாட்டுவார்கள். பாலன் பிறந்த கதையில் ஏரோதுக்குப் பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு குடும்பம் இருக்கிறது. அந்தப் பிறப்பைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லி, பிள்ளைகளைத் தேடும் தாய்மாரை இடம்பெயரச் செய்வதை என்னால் ஏற்க முடியாது.

மழையும் இருக்கிறது. எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பங்கு வடகீழ்ப் பருவக்காற்றோடு, ஐப்பசிக்கும் தைக்கும் இடையில் கொட்டுகிறது. வாவி மட்டம் ஏறி, முகத்துவாரம் வெட்டுவதா விடுவதா என்று வாதம் நடக்கும் மாதம் டிசம்பர். ஊறிப்போன அந்த மண்ணில் லொறியை இறக்கி, கம்பு நட்டு, ஆயிரக்கணக்கானோரை நடக்கவிட்டால் எடின்பரோவில் நடந்தது இங்கே இரண்டே நாளில் நடக்கும்.

கல்லடிக் கடற்கரையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. இடம் பெரிது, வாகனம் நிறுத்தலாம் என்பார்கள். ஆனால் நத்தாருக்கு மறுநாள் டிசம்பர் 26. 2004இல் அன்றைய காலையில்தான் கடல் நாவலடியையும் டச்பாரையும் கல்லடியையும் அள்ளிக்கொண்டு போனது. முதல்நாள் நத்தார் கொண்டாடிய, போர்த்துக்கீசர் ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியக் குடும்பங்கள் டச்பாரில் எத்தனை பேரை இழந்தன என்பதை அந்தப் பக்கத்தவர்கள் இன்றும் பெயர் பெயராகச் சொல்வார்கள். ஒவ்வோராண்டும் அன்று விளக்கேற்ற வரும் மக்கள், முதல்நாள் இரவுக் களியாட்டத்தின் குப்பையையும் கழற்றாத பந்தலையும் கடந்து போகக் கூடாது. இந்த ஒரு காரணமே எனக்குப் போதும். டிசம்பர்க் காற்றில் கடற்கரைப் பந்தல் எத்தனை நாள் நிற்கும் என்பது அதற்குப் பிறகு வரும் கேள்வி.

வெபர் மைதானத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுபவை வலுவானவை. சுற்றுமதில் உண்டு, வாசலில் சோதனை செய்யலாம், கூட்டத்தைக் கணக்கிட்டு உள்ளே விடலாம். பாதுகாப்பை நாங்கள் லேசாக எடுக்க முடியாது. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது புனித மரியாள் இணைப்பேராலயத்தில் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் நடந்த தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் ஞாயிறு வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊர் இது. ஆனாலும் மதிலுக்குள் வைக்கும் சந்தை மெல்ல மெல்லக் கண்காட்சியாக மாறும். வாசலில் ரிக்கற் வரும், ராட்டினம் வரும், ஒலிபெருக்கி வரும். உள்ளே கடை போட்டவருக்கு லாபம். தெருவில் ஆண்டு முழுக்கச் சோலைவரி கட்டிக் கடை நடத்துபவர் வெறும் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயரைத் தாங்கும் அந்த மைதானம் பிள்ளைகள் ஓடுவதற்கானது. தை பிறந்தால் பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சி தொடங்கிவிடும். நனைந்த தரையில் லொறிச் சில்லு பதிந்த மைதானத்தை அப்போது யார் சமப்படுத்திக் கொடுப்பார்?

தேவாலய வளவுகளில் பங்குக்குப் பங்கு சிறு சந்தைகள் வைக்கலாம் என்று எங்கள் பங்கிலும் சிலர் சொல்கிறார்கள். பங்கின் நிதிக்கு அது நல்லது. அதை யாரும் தடுக்கவும் வேண்டாம். நகரத்துக்கான சந்தையாக மட்டும் அது ஆகாது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேரளவுதான். அடுத்த வீட்டு இந்துக் குடும்பமும் ஏறாவூர் முஸ்லிம் குடும்பமும் கேற்றில் பொலிஸ் நிற்கும் வளவுக்குள் கூச்சமில்லாமல் வந்து போவார்களா? தெருவுக்கு வருவார்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நாங்கள் எல்லோரும் ஒரே தெருவில்தானே உடுப்பு வாங்குகிறோம்.

இனிக் கடைத்தெரு. பஸ் ஓடும் திருமலை வீதியை மூட முடியாது, மூடவும் கூடாது. புளியந்தீவில் பஸார் வீதியும் அதை அண்டிய குறுக்குத் தெருக்களும் போதும். மாலை நான்கு மணியிலிருந்து இரவு ஒன்பதரை வரை வாகனத்தை நிறுத்திவிட்டால் அது தானாகவே ஒரு சதுக்கம்போல் ஆகிவிடும். கீழே தார் இருக்கிறது, சேறாகாது. பக்கத்தில் வடிகான் இருக்கிறது. சந்தைக்கு முந்திய வாரம் அதைத் துப்புரவாக்கினால் மழை வந்தாலும் தண்ணீர் நிற்காது. கடைகளின் முகப்புத் தாழ்வாரம் இருபக்கமும் இருப்பதால் ஒரு பாட்டம் மழைக்குச் சனம் ஒதுங்கி நிற்கலாம். பூங்காவில் மழை வந்தால் எல்லோரும் வீட்டுக்கு ஓடவேண்டியதுதான்.

கடை முதலாளிமார் எதிர்ப்பார்கள் என்பது தெரியும். தங்கள் முகப்பை மறைத்து வேறொருவர் கடை போட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அதனால் தெருவின் நடுவில், முதுகோடு முதுகு சேர்த்து ஒரே வரிசையாகச் சிறு கடைத் தட்டுகளைப் போட வேண்டும். இருபுறமும் கடை முகப்பைத் தொட்டபடி சனம் நடக்கும். ஒரு பக்கப் பாதையை ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் நுழையக்கூடிய அகலத்தில் விட வேண்டும். சந்துகளில் கூட்டம் நெரிந்தால் என்னாகும் என்பதற்கு இங்கிலாந்தின் லிங்கன் நகரம் பாடம்: 1982இலிருந்து நடந்த நத்தார் சந்தையை, பழைய நகரின் ஒடுங்கிய தெருக்களால் தாங்க முடியாத அளவுக்குக் கூட்டம் வந்ததென்று 2022ஓடு நிறுத்திவிட்டார்கள். நான்கே நாளில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கே வந்தார்கள். நமக்கு அவ்வளவு வராது. ஆனால் நம் தெருக்களும் அகலமானவையல்ல. தட்டுகளின் எண்ணிக்கையைத் தெருவின் அகலம் தீர்மானிக்க வேண்டும், கேட்டு வந்தவர்களின் தொகையல்ல.

2016 டிசம்பர் 19 அன்று பெர்லினில் நத்தார் சந்தைக்குள் லொறியை ஓட்டி மக்களைக் கொன்றதிலிருந்து ஐரோப்பிய நகரங்கள் சந்தை வாசல்களில் கொங்கிரீட் கட்டைகளை வைக்கின்றன. இங்கே மாநகர சபையின் தண்ணீர் பவுசரையும் உழவு இயந்திரப் பெட்டிகளையும் தெரு முனைகளில் குறுக்காக நிறுத்தினாலே போதும். செலவும் இல்லை, தேவைப்பட்டால் உடனே நகர்த்தவும் முடியும்.

யாருக்குக் கடை என்பதில் நான் இடத்தைவிடப் பிடிவாதமாக இருப்பேன். வழக்கம்போலக் கேள்விப்பத்திரம் கோரி, கூடிய தொகை கேட்ட ஒருவருக்கு முழுத் தெருவையும் கொடுத்தால், அவர் அதைத் துண்டு துண்டாக விற்பார். வெளியூர் மொத்த வியாபாரி நான்கு தட்டு எடுப்பார். வாகரையிலிருந்து தேன் கொண்டுவருபவருக்கும், பன்பாய் இழைக்கும் பெண்ணுக்கும் ஒரு மூலைகூட மிஞ்சாது. சபை நேரடியாக, நிலையான சிறு கட்டணத்தில், குலுக்கல் முறையில் கொடுக்கட்டும். மூன்றில் ஒரு பங்கை இந்த மாவட்டத்தில் கையால் செய்யப்படும் பொருட்களுக்கு ஒதுக்கட்டும். பறங்கிய வீடுகளில் அடிக்கும் லவ் கேக்கும் காத்தான்குடி மஸ்கட்டும் தொதலும் பனையோலைப் பெட்டியும் ஒரே வரிசையில் இருந்தால், எங்களூர்ச் சந்தை என்று கூசாமல் சொல்லலாம். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம் கடைகளை ஒதுக்கச் சொன்ன குரல்கள் இங்கே கேட்டன. குலுக்கலில் பெயர் விழுந்தவர் எந்த ஊர், எந்தச் சமயம் என்று எவரும் கேட்கக் கூடாது. அதை நிபந்தனையில் எழுதியே வைக்க வேண்டும்.

நாட்கள்: டிசம்பர் 20 முதல் 24 வரை. 24ஆம் திகதிதான் கூடிய வியாபாரம் என்பதால் அன்றும் வைக்கத்தான் வேண்டும்; ஆனால் மாலை ஆறு மணிக்குத் தெருவைத் திறந்துவிட வேண்டும். நள்ளிரவுத் திருப்பலிக்கும் ஆராதனைக்கும் பொலிசார் தேவாலயங்களுக்குப் போகவேண்டிய இரவு அது. கடைக்காரர்களும் தங்கள் குடும்பத்தோடு இருக்க வேண்டுமே. 25 காலையில் தெரு கூட்டிக் கழுவியிருக்க வேண்டும். 26ஆம் திகதி நகரத்தில் எந்தப் பந்தலும் நிற்கக் கூடாது.

பூங்காவுக்கு ஒரே ஒரு மாலை, 22ஆம் திகதி, ஆறரையிலிருந்து எட்டரை வரை. கத்தோலிக்கர், மெதடிஸ்தர், அங்கிலிக்கர், ஏனைய சபையார் எல்லோரும் சேர்ந்து கரோல் பாடட்டும். பறங்கியர் தங்கள் போர்த்துக்கீச மொழியில் பாடட்டும். அந்த மொழியைப் பேசுவோர் குறைந்துகொண்டே போகும் இந்நாளில், பொது இடத்தில் அதைக் காதால் கேட்கப் பிள்ளைகளுக்கு வேறு வாய்ப்பு எங்கே? கடை வேண்டாம், தட்டு வேண்டாம், மேடைகூட வேண்டாம். வாயில் பக்கத்துப் படியே போதும். ஒலிபெருக்கி பூங்காவுக்குள் கேட்குமளவுக்கு இருந்தால் போதும், மார்கழியில் திருவெம்பாவை பாடும் கோயில்களுக்கும் இடைஞ்சல் வராது. பாட்டு முடிந்து சனம் கடைத்தெருவுக்கு நடந்து போகும். வியாபாரத்துக்கும் அது நல்லது. யாராவது கோரிக்கை மட்டையோடு அன்று பூங்காவுக்கு வந்தால் அவர்களுக்கும் அங்கே இடம் இருக்கும்.

இதற்கெல்லாம் மாநகர சபையிடம் டிசம்பரில் போய் நிற்பதில் பயனில்லை. வரவுசெலவுத் திட்டம் எழுதும் காலத்திலேயே, புரட்டாதிக்குள், வர்த்தக சங்கமும் பங்குகளும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்க வேண்டும். தெருவின் அளவு, தட்டுகளின் எண்ணிக்கை, பொதுச் சுகாதார பரிசோதகரின் அனுமதி, தற்காலிகக் கழிவறை எங்கே, குப்பையை எத்தனை மணிக்கு எடுப்பது என்பவை அதில் இருக்கட்டும். ஒவ்வொரு தட்டுக்காரரிடமும் முற்பணம் ஒன்று வாங்கி, தன் இடத்தைக் கூட்டிப் பொலித்தீன் பொறுக்கிக் கொடுத்தவருக்கு 24 இரவே அதைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடும் அதில் ஒரு வரியாக இருக்கட்டும்.